தாத்தாவின் சிரிப்புப் பாட்டு

தாத்தாவின் பாட்டு ஒன்று கிடைத்திருக்கிறது என்று மதுரையிலிருந்து ஒருவர் போன் செய்தபோது நான் அப்பாவின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு எடுத்துப் பேசினேன். பழைய கிராமபோன் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவராம். யாரையோ விசாரித்து, அவர் வழியாக இன்னொருவரை விசாரித்து என் நம்பரைப் பிடித்திருக்கிறார். "நேரில் வாங்களேன்" என்று சொல்லி வைத்துவிட்டு விரிப்பைப் பிழிந்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அன்றைக்கு அதற்குத் தெம்பில்லை.

மகளின் பிரசவத்துக்காக மனைவி பெங்களூர் போயிருந்தாள். தென்காசியை ஒட்டிய மேலகரம் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. அப்பாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. ஒருமுறை விழுந்த பிறகு கட்டிலோடு சரி. சோறு ஊட்டுவதுகூடப் பெரிதில்லை, குளிப்பாட்டுவதுதான் போர். தண்ணீரைக் கண்டாலே கத்துவார். குற்றாலத்துக்குப் போகிற வண்டியெல்லாம் எங்கள் தெரு முனையைக் கடந்துதான் போகும். ஊரே குளிக்கப் போகிறது, இவருக்கு ஒரு வாளித் தண்ணீர் ஆகாது.

தாத்தா நாடகக் கம்பெனிகளுக்குப் பாட்டு எழுதியவர். இசைத்தட்டு வந்த புதிதில் அதற்கும் எழுதினார். அப்பாவுக்கு ஐந்து வயதாகும்போது இறந்துபோனார். போட்டோ கிடையாது. முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டால் அப்பா பேச்சைப் பாட்டுக்கு மாற்றிவிடுவார். "எங்கப்பா முருகன் பாட்டுதாம்லே எழுதினாவ. கேட்டவன் அழாம போனது கிடையாது" என்று மட்டும் சொல்வார். காசி விசுவநாதர் கோயில் வாசலில் யார் மாட்டினாலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்த முருகன் பாட்டில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. நாங்களும் கேட்டதில்லை.

எனக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்தார்கள். மாமனார் பெயர் என்பதால் அம்மா கடைசிவரை அதை உச்சரிக்கவில்லை. அப்பாவுக்கும் தகப்பன் பெயரைச் சொல்லி அதட்ட வாய் வரவில்லை. இருவருக்கும் நான் வெறும் 'ஏலே'தான். ரேஷன் கார்டிலும் ஆபீசிலும் மட்டும் அந்தப் பெயர் புழங்கியது.

மதுரைக்காரர் சாரல் நேரத்தில் வந்தார். குடும்பத்தைக் குற்றாலம் ஐந்தருவியில் விட்டுவிட்டு, சட்டை நனைய, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துத் தட்டுல பாடினவங்க பேரை மட்டும்தான் போடுவாங்க. எழுதினவர் பேர் இருக்காது. அதனால யார் பாட்டுன்னே கண்டுபிடிக்க முடியாது. இது அப்படியில்ல. இதுல அவரே பேசிப் பாடியிருக்கார். கடைசியில ஊரையும் பேரையும் அவர் வாயாலேயே சொல்றார். அப்ப அது ஒரு வழக்கம்."

"முருகன் பாட்டா?" என்று அப்பா கேட்டார்.

மதுரைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்.

முதலில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஓர் இரைச்சல். பிறகு ஆர்மோனியம். ஒரு புருஷன் பெண்டாட்டியைக் குற்றாலத்துக்குக் கூட்டிவருகிறான். அருவியைப் பார்த்து அவள் பயப்படுகிறாள். "கண்ண மூடு, மூக்கப் பிடி, தலையக் குடு!" என்று அவளை உள்ளே தள்ளுகிறான். அவள் ஆனந்தமாகக் குளித்துவிட்டு, நீங்களும் வாங்க என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். அவ்வளவுதான், வீரன் ஓட்டம் எடுக்கிறான்.

"குளிச்சாக்க நோய்போகும் என்றவன் எவன்டி,
குளிரிலே நான்போனா கேட்பவன் எவன்டி!"

பாட்டு முடிந்ததும், புருஷனாகப் பாடிய அதே குரல் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல 'தென்காசி' என்று நிறுத்தி, என் பெயரைச் சொன்னது.

மதுரைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை. அப்பாதான் சொன்னார்.

"ஏலே, நீ எதுக்குலே இதுல பேசுத?"

"நான் இல்லப்பா. தாத்தா."

"எனக்கு உன் சத்தம் தெரியாதாக்கும்? யாரை ஏமாத்துத?"

"அச்சு அசல் உங்க குரல்தான் அண்ணாச்சி" என்றார் வந்தவர், மெதுவாக.

நம் குரல் நமக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் சொன்னதால் நம்பினேன்.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா சாமிப் பாட்டு எழுதினாவ. இது எவனோ கூத்தாடிப்பய பாட்டு. எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய பாட்டுகளை இன்டர்நெட்டில் ஏற்றப்போவதாகவும், குடும்பத்தார் ஒரு வார்த்தை சொன்னால் எழுதியவர் என்று பெயரைப் போட்டுவிடலாம் என்றும் மதுரைக்காரர் வாசலில் வைத்துச் சொன்னார். பிறகு பேசுவோம் என்றேன். பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்தில் ஒருநாள் குளியலறையில் வழக்கமான போர். தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்காரவைத்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்க மாட்டேன் என்கிறார். எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. கத்தக்கூடத் தோன்றவில்லை. வாயில் வந்தது அதுதான்: "கண்ண மூடு, மூக்கப் பிடி, தலையக் குடு!"

அப்பா கண்ணை மூடினார். மூக்கைப் பிடித்தார். தலையைக் குனிந்து கொடுத்தார். நான் ஊற்றினேன். தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே "அந்தப் பாட்டப் போடு" என்றார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார். அதன்பிறகு காப்பிக்கு, சோற்றுக்கு, மாத்திரைக்கு, எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். தாத்தாவின் பாட்டை நான் ரசித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் அந்த ஆர்மோனியம் தொடங்கினாலே எனக்குத் தலை வலித்தது. எப்போதோ யாரையோ சிரிக்கவைக்க எழுதியது; எனக்கு அது ஒரு வேலை.

பிறகு ஒருநாள், துவட்டிவிடும்போது, "அப்பா, குளுருது" என்றார் என்னைப் பார்த்து.

"நான் உங்க மவன்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் கையை விட்ட பிள்ளையின் முகம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இந்தா முடிஞ்சுது" என்று துண்டைச் சுற்றினேன். அப்புறம் நான் திருத்தவே இல்லை. அப்பா என்று கூப்பிட்டால் 'என்ன' என்று கேட்டுக்கொண்டு போனேன்.

மதுரைக்காரர் மறுபடி பேசினார். அப்பாவுக்குத் தெளிவு இருந்த ஒரு காலையில், பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

"போடச் சொல்லு. முருகன் பாட்டும் எழுதினாவன்னு சேத்துப் போடச் சொல்லு."

அதற்குத் தட்டு எதுவும் கிடைக்கவில்லையே என்று மதுரைக்காரர் தயங்கினார். பிறகு, 'குடும்பத்தார் சொல்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

மனைவி திரும்பி வந்தது ஒரு மத்தியான நேரம். பேத்தி பிறந்த கதையை வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பா விரலை உதட்டில் வைத்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மெதுவாப் பேசு தாயி. எங்கப்பா இப்பதான் வந்திருக்காவ. அசந்துபோய் நிக்காவ, பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாத்துக்கிடுதேன். நீங்க போய்ப் படுங்க" என்றாள். போய்ப் படுத்தேன். எழுந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.