நாலு நகல், ஒரு சாக்கடை மூடி

நகரத்தில் சைக்கிள் ஓட்டுவதை மேம்படுத்த ஓர் ஆலோசனைக் குழு அமைக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. அதில் கடைசி வரிதான் வில்லங்கம். குழுவில் ஒருவராவது சைக்கிள் ஓட்டுபவராக இருக்க வேண்டுமாம். தலைவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டுத் திருதிருவென்று முழித்தார். எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். நாற்பது காருக்கு நடுவில் சுவரோரமாக ஒரே ஒரு சைக்கிள் சாய்ந்து நின்றது.

"அது யாருது?"

தேநீர்த் தட்டோடு நின்ற நான்தான் வாயைத் திறந்தேன். "பக்கத்து மின்சார ஆபீஸ்ல மீட்டர் பாக்கறவரோடது சார்."

"கூப்பிடு அவர."

எல்லோரும் மீட்டர் என்று கூப்பிடும் அவர் குழு உறுப்பினர் ஆனது இப்படித்தான். நகராட்சிக் கட்டடத்தில் தேநீர் கொடுப்பதும் தபால் கொண்டுபோவதும் என் வேலை. அதனால் எந்த அறையில் எந்தக் கதவு சாத்தினாலும் எனக்கு மட்டும் திறக்கும். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது பாதி, கவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது பாதி.

மீட்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவருடைய மாமனாரே "மீட்டர் மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் எண் குறித்து வந்ததில் மனுஷன் எண்ணாகவே மாறிவிட்டார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "போன மாசத்துக்கு ரெண்டு யூனிட் கூடத்தான்" என்பார். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பது வரைக்கும் அதில் இருக்கும்.

குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற கண் டாக்டர். அவர் வீட்டிலும் சைக்கிள் உண்டு, ஆனால் அது நகராது. தினமும் காலையில் அதில் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிப்பதாகச் சொல்லுவார். இத்தனை வருடத்தில் படுக்கையறை ஜன்னலைத் தாண்டியதில்லை. அடுத்து ஒரு பேராசிரியர். வெளிநாட்டுத் தெருக்களின் படம் நூற்றுப் பத்து வைத்திருப்பார், கூட்டத்துக்குக் கூட்டம் போட்டுக் காட்டுவார். மூன்றாவது ஆள் என்ஜினீயர். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை: "பாக்கலாம்."

முதல் மூன்று கூட்டமும் குழுவின் சின்னத்துக்கே சரியாகப் போனது. சின்னத்தில் வரையும் சக்கரத்துக்குக் கம்பி பதினாறா, இருபத்து நாலா என்று வாக்குவாதம். கடைசியில் மீட்டரிடம் கேட்டார்கள்.

"முன் சக்கரத்துல முப்பத்திரண்டு சார், பின் சக்கரத்துல நாப்பது. எண்ணிப் பாத்திருக்கேன்."

"அவ்வளவு போட்டா அழகா இருக்காதுங்க" என்று சொல்லிப் பதினாறிலேயே முடித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மீட்டரின் மனைவி விழுந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். சைக்கிளில் போனால் பதினெட்டு நிமிடம் (இதுவும் நோட்டில் இருக்கிறது). வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் சாலை சரிந்து இறங்கிக் குறுகும். வலது பக்கம் பஸ் உரசும், இடது பக்கம் சுவர். சரிவு முடியும் இடத்தில் சுவரோரமாக ஒரு சாக்கடை மூடி. சதுரமான இரும்புச் சட்டம், நடுவில் வரிசையாகக் கம்பிகள். அந்தக் கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளவாக்கில் கிடந்தன. சைக்கிள் சக்கரம் அப்படியே இடுக்கில் இறங்கிக்கொள்ளும். அவளுக்கு இறங்கியது. இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த பிறகும் சைக்கிளைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நடந்து போனால் ஐம்பது நிமிடம். நாள் தவறாமல் தாமதம். சலவைக்கூட மேற்பார்வையாளரம்மா கெடு வைத்துவிட்டார்: அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் ஆறு மணிக்கு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மாலை ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்களாம்.

"மாலை ஷிப்டுன்னா ரெண்டு மணிக்குப் போயி பத்து மணிக்கு வரணும்ண்ணே" என்று மீட்டர் என்னிடம் சொன்னார். "நான் உள்ள வர்றப்ப அவ இருக்க மாட்டா. அவ வர்றப்ப நான் தூங்கியிருப்பேன். வாரத்துல ஒரு நாள்தான் புருஷன் பொண்டாட்டி."

"சில பேரு அதுக்கு விண்ணப்பமே போடுவாங்களே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் தீவிரம் என்று எனக்கு உறைத்தது.

மூடி சதுரம். தூக்கிக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால் கம்பிகள் குறுக்கே வந்துவிடும், சக்கரம் மேலே உருண்டு போய்விடும். கடப்பாரை எடுத்து நீங்களே நெம்பிவிட வேண்டியதுதானே என்றேன். மனுஷன் காதைப் பொத்திக்கொண்டார். மீட்டரில் கை வைத்தவனைப் பிடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். அவரே போய் அரசாங்க இரும்பில் கை வைப்பாரா? உத்தரவு இல்லாமல் மாட்டவே மாட்டார்.

அடுத்து வந்த கூட்டத்தில் எழுந்து நின்று நோட்டைப் பார்த்துப் படித்தார். "ஊருக்குள்ள இருநூத்திப் பதினாலு மூடி இருக்கு சார். அறுபத்தி ரெண்டுல கம்பி நீளவாக்குல இருக்கு. இப்போதைக்குப் பாலத்தடி மூடி ஒண்ணத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

"எவ்வளவு வேலை இருக்கும்?" என்றார் தலைவர்.

"ரெண்டு ஆளு, ஒரு கடப்பாரை, அஞ்சு நிமிஷம்."

அறையே அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. ஐந்து நிமிட வேலையை அந்த அறையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பேராசிரியர் முதலில் ஆய்வு வேண்டும் என்றார். என்ஜினீயர் பாக்கலாம் என்றார். ஆனால் தலைவருக்கு ஆண்டறிக்கையில் சின்னத்தைத் தவிர இன்னொரு சாதனையும் தேவைப்பட்டது. அதனால் தீர்மானம் நிறைவேறியது: "பாலத்தடி வடிகால் மூடியை உடனே கால் சுற்றுத் திருப்பி வைக்கவும்."

கடிதத்தைத் தட்டச்சு செய்த அம்மா, தெருவிளக்குக் கடிதம் ஒன்றை எடுத்து மேலே இருந்ததை மட்டும் மாற்றினார். அடியில் இருந்த நகல் பட்டியலை அப்படியே விட்டுவிட்டார். சாலைத் துறை, வடிகால் துறை, மின்சார அலுவலகம், பூங்காத் துறை. நாலு கவர். நாலையும் என் கையில் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை சாலைத் துறை ஆட்கள் வந்து மூடியைத் திருப்பினார்கள். கம்பிகள் குறுக்கே வந்துவிட்டன. மீட்டர் போய்ப் பார்த்து, குனிந்து தடவிக்கூடப் பார்த்தாராம். வீட்டுக்குப் போய், "ஏம்மா, இனிமே நீ கண்ண மூடிக்கிட்டுப் போலாம்" என்றார்.

புதன்கிழமை வடிகால் துறை ஆட்கள் வந்தார்கள். அவர்களிடமும் அதே கடிதம் இருந்தது. அதே மூடியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் சைக்கிளை எடுத்தாள். நல்ல வேளை, கண்ணை மூடவில்லை. கடைசி நொடியில் கம்பியைப் பார்த்துக் காலை ஊன்றியதில் முழங்கால் தோலோடு போனது. முன் சக்கரம் அப்பளமாய் நெளிந்தது. சைக்கிளைத் தோளில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு நேரே எங்கள் கட்டடத்துக்கே வந்துவிட்டாள். வாசலில் மீட்டர் என்னோடு நின்றிருந்தார்.

"என்னங்க, உங்க கமிட்டி ஒரு மூடியத் திருப்பச் சொன்னா என் மூஞ்சியத் திருப்புமா?"

"திங்கக்கிழமை சரியாத்தாம்மா இருந்துச்சு..."

"திங்கக்கிழமை நான் போகலையே! அண்ணே, நீங்களே சொல்லுங்க. இவரு ஊரு பூரா ரீடிங் எடுப்பாரு. பொண்டாட்டி விழுந்தா மட்டும் தீர்மானம் போடுவாரு. பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் இவரு அந்தத் தலைவரோடவே குடும்பம் நடத்தட்டும்."

என் கையில் ஒரு தேநீர்தான் இருந்தது. கொடுத்தேன்.

அடுத்த கூட்டம் மாத முதல் வியாழன். கெடுவுக்குப் பத்து நாள் பாக்கி. என்ஜினீயர் இரண்டு புகைப்படங்களை மேசையில் வைத்து, "பணி முடிந்தது" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பாக்கலாம் என்று சொல்லவில்லை. மீட்டர் எழுந்தார்.

"சார், திங்கக்கிழமை திருப்பினது சரி. புதன்கிழமை மறுபடி திருப்பினதுல பழையபடி ஆயிடுச்சு."

தலைவருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "ஒரு தடவை கேட்டீங்க. ரெண்டு தடவை செஞ்சு குடுத்திருக்கோம். இன்னும் என்னங்க வேணும்?"

"இரண்டு துறைகளின் ஒத்துழைப்பு! இதை நான் வெளிநாட்டுக் கருத்தரங்கிலேயே சொல்லப்போறேன்" என்றார் பேராசிரியர்.

மீட்டர் என் தட்டிலிருந்து சதுர பிஸ்கட் ஒன்றை எடுத்தார். மேலே கோடு போட்ட பிஸ்கட். சாசரில் வைத்தார். "இது மூடி சார். கோடு நீளவாக்குல இருக்கு. ஒரு தடவை திருப்பறேன், குறுக்கே ஆச்சா? இன்னொரு தடவை. பாருங்க, திரும்பவும் நீளவாக்கு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கண் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்குள் என்ஜினீயர் கை நீட்டி மூடியை எடுத்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டார்.

"முடிஞ்ச பணிய ஒரு வருஷத்துக்கு மறுபடி எடுக்க விதியில இடமில்ல" என்றார் தலைவர். "அடுத்தது, சின்னம் போட்ட தொப்பி."

மீட்டர் படியில் வந்து உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மீட்டர், இன்னொரு தடவை யாராவது திருப்பினா என்ன ஆகும்?" என்றேன்.

"குறுக்கே வந்துரும். யாரு திருப்புவா?"

"நான் நாலு கவர் வாங்கினேன். ரெண்டு பேரு திருப்பிட்டாங்க. மூணாவது உங்க ஆபீஸுக்கு. என் கையாலதான் குடுத்தேன்."

தலைதெறிக்க ஓடினார். கவர் அவருடைய மேலாளர் மேசையில், பிரிக்காத தபால் கட்டில், ஒரு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் படித்துவிட்டு எரிந்து விழுந்தார். "சாக்கடைக்கும் கரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? திருப்பி அனுப்பு."

"அனுப்பலாம் சார். ஆனா திருப்பி அனுப்பினா காரணம் எழுதணும். நாலு இடத்துக்கு நகல் போடணும்."

மேலாளர் பேனாவைத் தேடினார். காரணம் எழுதுவதைவிடக் கையெழுத்து சின்னது. "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதிக் கீழே தள்ளினார். உதவி மேலாளர் அதையே எழுதித் தனக்குக் கீழே தள்ளினார். அவருக்குக் கீழே இருந்தவரும் தள்ளினார். மூன்றாவது நாள் அது எல்லோருக்கும் கீழே இருந்தவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு அடியில் ஆள் கிடையாது. அவர்தான் மீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் மூன்று பேர் நின்றோம். மீட்டர் கையில் கடப்பாரை. சட்டைப் பையில், தலைவருடையதையும் சேர்த்து நாலு கையெழுத்தோடு உத்தரவு. அவர் மனைவி பஸ் வந்தால் நிறுத்த ஒரு சிவப்புத் துண்டை வைத்திருந்தாள். நான் மூடியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். தூக்கும்போதே போக்குவரத்துக் காவலர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"யாரு சொல்லி இதத் தொடறீங்க?"

மீட்டர் உத்தரவை நீட்டினார். காவலர் படித்தார். "நாலு கையெழுத்து இருக்கு! பெரிய வேலையா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"சீக்கிரம் வச்சுத் தொலைங்க மீட்டர், எனக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சு" என்று நான் கத்தினேன். காவலரும் ஒரு கை கொடுக்க, மூடியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தோம். கம்பிகள் குறுக்கே உட்கார்ந்தன. நாலு நிமிடம் பத்து நொடி என்று மீட்டர் குறித்துக்கொண்டார்.

அவள் நம்பவில்லை. சக்கரம் மாற்றிய சைக்கிளை எடுத்துச் சரிவின் மேலே போய், ஒரு தரம் இறங்கினாள். சக்கரம் தடதடவென்று கம்பிமேல் உருண்டு போனது. திரும்பவும் மேலே ஏறி, இன்னொரு தரம். மூன்றாம் தரம் மணி அடித்துக்கொண்டே இறங்கினாள், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்ததை மதிக்கவே இல்லை. திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே சலவைக்கூடத்தில் நின்றாளாம். மேற்பார்வையாளரம்மா கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்களாம்.

ஆண்டறிக்கை வந்தது. அட்டையில் பதினாறு கம்பிச் சக்கரம், உள்ளே ஒரு வரி: "பாலத்தடி வடிகால் மூடி மூன்று துறைகளால் மூன்று முறை மேம்படுத்தப்பட்டது." தலைவர் தொப்பியோடு படத்தில் சிரிக்கிறார். மிச்சம் அறுபத்தியொரு மூடியும் நீளவாக்கிலேயே கிடக்கின்றன. அவை அடுத்த ஆண்டின் கூட்டப் பட்டியலில் பதினாலாவது பொருள். பன்னிரண்டாவது பொருளுக்கே தலைவருக்குப் பசி எடுத்துவிடும்.

அறிக்கை வந்த அன்று மீட்டர் முகம் வெளுத்து என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, நகல் நாலுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"பூங்காத் துறை! அவங்க எப்ப வேணா வந்து திருப்பிருவாங்களே அண்ணே! அவளுக்கு என்னன்னு பதில் சொல்லுவேன்?"

ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்து உட்காரச் சொன்னேன். என் தேநீர் மேசைக்கு ஒரு கால் குட்டை. வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தது, கோப்பைக்குக் கோப்பை சிந்தும். அதைக் காட்டி, "ஆட்டிப் பாருங்க" என்றேன்.

ஆட்டினார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். நாலாக மடித்த ஒரு பழுப்புக் கவர் குட்டைக் காலுக்கு அடியில் கச்சிதமாக இருந்தது. முகவரியில் "பூங்கா" என்கிற பாதி மட்டும் வெளியே தெரிந்தது.

"எப்ப வச்சீங்க?"

"உங்க வீட்டுக்காரம்மா முழங்கால்ல ரத்தத்தோட வந்து நின்னாங்களே, அன்னைக்கு."

மீட்டர் நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒன்றும் எழுதாமல் மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.