இடியை விழுங்கிய பெட்டி

கிடார் ரெக்கார்டிங் தொழிலில் வாசிக்கிறவனுக்கு அடுத்தபடி முக்கியமான ஆள் மாடி வீட்டுக்காரர். வாடகை அறையில் ஸ்டுடியோ போட்டுத் திண்டாடும் என் இனத்தாரே, இதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பத்தாவதோடு படிப்பை விட்டு, செங்கல்பட்டில் ஓர் ஆம்ப்ளிபையர் கடையில் ஈயம் வைத்து, திட்டு வாங்கித் தொழில் கற்றவள். படூரில் ஓர் அப்பார்ட்மெண்டின் தரைத்தளத்தில் அறை பிடித்து போர்டு மாட்டிய அன்று, ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

கடைசி வார்னிங்

மேல்வீட்டு தணிகைவேல் சாருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்டு வேலை. இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷன். அசோசியேஷன் செயலாளரும் அவரே. என்னிடம் இருப்பதோ வால்வு ஆம்ப், பழைய ரேடியோ மாதிரிக் கண்ணாடிக் குழல் வைத்தது. சத்தத்தை ஏற்றினால்தான் அதன் குரல் பழுத்து வரும். குறைத்தால் சளி பிடித்த மாதிரி முனகும். ஏற்றினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சார் லுங்கியோடு இறங்கி வந்தார்.

"பகல்ல தொழில் பண்ணாம எப்ப சார் பண்றது?" என்று எகிறினேன். பேரம் பேசியே வளர்ந்த வாய் இது. ஒரு மணி நேரம் கேட்டேன், அரை மணிக்கு இறங்கினேன், பத்து நிமிஷத்துக்கும் வந்தேன். எல்லாவற்றையும் கொட்டாவி விட்டபடியே கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மீட்டிங் இருக்கும்மா. அதுக்குள்ள இன்னொரு தடவை என் தூக்கம் கலைஞ்சா, ரூமைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போட்டுடுவேன்."

சதுரங்கப்பட்டினத்துப் பேரம்

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டால் சத்தம் வராதே என்று கேட்காதீர்கள். வால்வு ஆம்ப் ஓடும்போது அதன் பலத்தை வாங்கிக்கொள்ள ஸ்பீக்கரோ வேறொன்றோ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே டிரான்ஸ்பார்மர் கருகிவிடும். அந்த வேறொன்றுக்கு அட்டெனுவேட்டர் என்று பெயர். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து சத்தத்தை மட்டுப்படுத்தும் இரும்புப் பெட்டி. சிலவற்றில் ஸ்பீக்கரே இல்லாமல் முழு பலத்தையும் தானே விழுங்கிக்கொள்ளும் வசதி உண்டு. டம்மி லோடு என்பார்கள். அப்படியொன்று, பாண்டு வாசிப்பதை விட்டுவிட்டு சதுரங்கப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் விற்கும் ஒருவரிடம் இருந்தது.

என் ஆம்பையே தூக்கிக்கொண்டு போய் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டியைத் தொட முடியவில்லை. பேரத்துக்கு அதையே பிடித்துக்கொண்டேன்: "இன்னாப்பா, இட்லி குண்டான் மாதிரி கொதிக்குது! ரிப்பேர் சாமானை என் தலையில கட்டப் பாக்கிறியா? பாதிக்குக் குடு." அவர் ஐஸ் தூளைக் கையிலிருந்து உதறினார். சொன்னார்: "அக்கா, அம்மாஞ் சத்தமும் எங்க போவும்? சூடாத்தான் போவும். இது சூடாவலன்னாதான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்." கேட்ட விலையைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

ஜெபராஜ் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஹோட்டலில் கிடார் வாசிக்கிறவன். மறுநாளுக்குள் ஒரு பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டுமென்று என்னிடம் ரெக்கார்டிங்குக்கு வந்திருந்தான். மேலே சார் தூங்குகிறார். ஆம்பிலும் பெட்டியிலும் மின்தடை எட்டு ஓம் என்று ஒத்துப் பார்த்து, தடித்த ஸ்பீக்கர் கேபிளைப் போட்டேன். பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லைன். ஸ்பீக்கரின் குணத்தை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். வால்யூமை எட்டில் வைத்தேன்.

அடித்தான். அறைக்குள் கம்பிகளின் கிணுகிணுப்பு மட்டும், டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி. ஹெட்போனை மாட்டினேன். புயல் நாளில் அலை பாறையில் மோதும்போது நெஞ்சுக்குள் ஒன்று இறங்குமே, அது இறங்கியது. கழற்றினேன்: மின்விசிறி, ஜன்னலில் ஒரு புறா. மாட்டினேன்: இடி. ஐந்தாறு தடவை மாட்டிக் கழற்றியிருப்பேன். பெட்டிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினால் அனல். அந்த இடி முழுக்க, செருப்பு டப்பா அளவு இரும்புக்குள் சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது. முப்பது வருஷமாக ஆம்ப் பார்க்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெபராஜ் தன் ஹெட்போனைக் கழற்றாமலே கிசுகிசுத்தான்: "அக்கா, கடலைப் புடிச்சு டப்பாவுல போட்டு மூடி வெச்ச மாதிரி கீதுக்கா."

புறா பறந்தது

கடைசி டேக் பிசிறில்லாமல் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில், கிளம்பலாம் என்று அவன் ஆம்புக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த கேபிளைப் பிடித்து உருவப் போனான். அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில், ஆம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதே பயலுக்கு மறந்துபோயிற்று. "டேய்! கைய எட்றா!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். ஆம்ப் பிழைத்தது. புறா பறந்தது. மாடியில் கதவு திறந்தது.

படியில் செருப்புச் சத்தம். போச்சு, அறை போச்சு. சார் உள்ளே வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசத் தோன்றவில்லை, ஹெட்போனை நீட்டினேன். ஜெபராஜ், "ரெண்டு மணி நேரமா வாசிச்சுகினுதான் கீறேன் சார்," என்று சொல்லி, ஆம்பைப் போட்டு ஒரு அடி அடித்தான். சார் துள்ளிவிட்டார். கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார், என்னைப் போலவே. "இவ்வளவும் இதுக்குள்ளயா?" என்று பெட்டியின் மேல் கையைக் காட்டியவர் வெகுநேரம் எடுக்கவில்லை. "எங்களுக்கும் பொழுதன்னைக்கும் சூட்டோடதான் மல்லுக்கட்டு" என்று முணுமுணுத்தபடி, குனிந்து, சுவரை ஒட்டியிருந்த பெட்டியை ஒரு சாண் தள்ளிக் காற்றோட்டமாக வைத்தார். பிறகு வாசலில் நின்று சொன்னார்: "ரூம் இருக்கட்டும்மா. ரெண்டு மணி நேரம் கிடார் ஓடியும் நான் நல்லாத்தான் தூங்கினேன். எழுப்பினது நீங்க."

இடியையே விழுங்கிவிட்டு வாயைத் திறக்காமல் சூடாக மட்டும் இருக்கிற அந்தப் பெட்டியை இன்றும் தினம் பார்க்கிறேன்; அதன் வித்தையில் எனக்குப் பாதிதான் கைவந்திருக்கிறது, சூடாவது மட்டும்.