அண்ணன் கொண்டுவந்த கசாயம்

என் மனைவியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. தைராய்டாக இருக்கும் என்று அரியலூரில் சொன்னார்கள். திருச்சியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனாள்.

கீமோ ஆரம்பித்தார்கள். ஊசி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாலே படுத்துவிடுவாள். வாயெல்லாம் புண். சோறு வேகும் வாடைகூட அவளுக்குக் குமட்டியது.

அவளுடைய அண்ணன் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவர். தங்கையைப் பார்க்க வந்தவர், முடியில்லாத தலையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்த முறை வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பெரம்பலூர் பக்கம் ஒருவர் கொடுத்த மூலிகைக் கசாயம். அண்ணனுக்குத் தெரிந்த யாருக்கோ அதைக் குடித்து வயிற்றுக் கட்டி கரைந்துபோனதாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லி, பாட்டிலைப் பரணில் ஏற்றினேன். அவளும் தலையாட்டினாள்.

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. பகலெல்லாம் அங்கேதான் இருப்பேன்.

ஒரு நாள் காலையில் அவள் வாசலுக்கு வந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரம்மா. நான் அவளை உடனே திருச்சிக்குக் கிளப்பினேன். நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். திருச்சி பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர் எங்களைவிட வயதில் சின்னவர். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் பேசினாள்.

"எங்கண்ணன் குடுத்த கசாயத்தைக் குடிக்கிறேங்க. இவருக்குத் தெரியாது."

டாக்டர் திட்டவில்லை.

"கசாயத்தாலதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நிறுத்தணும். செடின்னா ஆகாதுன்னு நான் சொல்லலை. உங்களுக்கு ஏத்துற மருந்துல ஒண்ணே நித்தியகல்யாணிச் செடியிலேர்ந்து எடுத்ததுதான். அதுல எவ்வளவு உள்ள போவுதுன்னு எங்களுக்குத் தெரியும். பாட்டில்ல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஊசியைத் தள்ளிவைத்து, அவளை அட்மிட் செய்தார்கள். ஊசி போட்டால் கல்லீரல் தாங்காது, போடாவிட்டால் கட்டி வளரும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். ஏன் குடித்தாய் என்று கேட்டேன்.

"ஊசின்னா அவங்க போடுறாங்க, நான் சும்மா படுத்துக் கெடக்கிறேன். இத குடிக்கறப்ப மட்டும், பொழைக்கறதுக்கு நானும் ஏதோ செய்யற மாதிரி இருந்துச்சுங்க."



விஷயம் தெரிந்ததும் அவள் அண்ணன் நேரே அந்த மருந்துக்காரரிடம் போயிருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர் வார்டுக்குள் வராமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன செடின்னு கேட்டேன் மாப்ள. தொழில் ரகசியம், சொல்லமாட்டேன்னுட்டான்," என்றார். புகையிலையை எடுத்தவர், வாயில் போடாமல் மறுபடியும் மடித்து வைத்துக்கொண்டார்.

மஞ்சள் மெல்ல இறங்கியது. மருந்தின் அளவைக் குறைத்து ஊசியை மறுபடி தொடங்கினார்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் அண்ணனும் கூட வந்தார். கட்டி சுருங்கி, கடைசி ஸ்கேனில் தெரியாமலே போனது. ஆனாலும் சோதனைக்குப் போகும் நாளில் பஸ் ஏறினால், ரிப்போர்ட்டெல்லாம் பையில் இருக்கிறதா என்று இப்போதும் நான்கைந்து தடவை திறந்து பார்ப்பேன்.

போன வாரம் சளிக்குத் தூதுவளை ரசம் வைக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கும் டாக்டருக்கு போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, ரசம்தானே, தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அப்படியும் முதல் வாயை நான்தான் குடித்துப் பார்த்தேன்.