திரைக்குப் பின்னால் மூன்று இடம்

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் கடலூர் கடற்கரையில் வெள்ளிக்கிழமைதோறும் இலவசமாகப் படம் போடுவார்கள். மணலில் இரண்டு கம்பம் நட்டு, நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, இருட்டத் தொடங்கியதும் ஆரம்பித்துவிடுவார்கள். ஊரே திரைக்கு முன்னால் உட்காரும். நாங்கள் மூன்று பேர் மட்டும் பின்னால். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே இதுதான் எங்கள் வழக்கம்.

பின்னால் தள்ளுமுள்ளு இல்லை. காலை நீட்டிக்கொள்ளலாம். ஒரே குறை, எல்லாம் இடம் வலமாகத் தெரியும். கதாநாயகன் இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவான். பெரியவர்கள் இடது கையால் திருநீறு பூசிவிடுவார்கள். சோகப் படத்தில்கூட நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

மூவரில் ஒருத்தி இங்கேயே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொருத்தியைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவள் தவறாமல் வந்தாள், தூக்கு நிறைய இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் எடுத்துக்கொண்டு. ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க, பாதிப் படத்தில் எழுந்துவிடுவாள்.

போன வருடம் ஒரு நாள் அப்படி எழுந்தபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. என் வாய்க்கு என்றைக்குமே பூட்டு கிடையாது.

"பாதிப் படம் பாக்கறதுக்கு எதுக்குடி அங்கேர்ந்து வர்ற? வராமலே இருந்துக்க."

அவள் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அப்புறம் வருடம் முழுக்கப் பேச்சே இல்லை. எத்தனையோ முறை அவள் நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் கட் பண்ணியிருக்கிறேன். வறட்டு கௌரவம், வேறென்ன.

இந்த வருடம் முதல் படத்துக்கு, எங்கள் மூவருக்கான வாட்ஸ்அப் குழுவில், "வெள்ளிக்கிழமை படம். இடம் அதேதான்" என்று மட்டும் போட்டேன். இருவரும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. சிதம்பரத்திலிருந்து பதில் இல்லை.

"மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை போட்டா கொறஞ்சா பூடுவ?" என்றாள் நர்ஸ்.

"நேர்ல கேக்கறேன்."

"நேர்ல வந்தாத்தானே கேப்ப?"

வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கும் இடம் வருகிற மாதிரி பெட்ஷீட்டை விரித்தேன். சிதம்பரத்துக்காரி உட்காரும் முனை காற்றில் பறக்காமலிருக்க என் செருப்பை வைத்தேன். குழந்தையோடு வந்த ஒரு அம்மா, "இங்க ஆள் வராங்களா?" என்று கேட்டார். "வராங்க" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

படம் பாதி ஓடிவிட்டது. கதை ஒன்றும் மனதில் ஏறவில்லை. அவள் கொண்டுவருவாள் என்ற பழக்கத்தில் நாங்கள் சாப்பிட எதுவும் எடுத்து வரவில்லை. இரண்டு பொட்டலம் சுண்டலோடு உட்கார்ந்திருந்தோம். அப்போது முன்னாலிருந்து ஒரே கூச்சல்.

"யாரும்மா அது? குனிஞ்சு போங்க!"

புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே யாரோ வந்துவிட்டார்கள். நிழல் திரை முழுக்க விழுந்தது. அள்ளி முடிந்த கொண்டை, ஒரு பக்கம் சாய்ந்த தோள். கூட்டத்தில் வழி தெரியாமல் அந்த நிழல் அப்படியே நின்றது. கதாநாயகன் முகத்துக்கு நேராக ஒரு தூக்கு தொங்கியது.

"அவ தூக்குடி அது!" என்று நர்ஸ் கத்தினாள்.

தூக்கோடு அவள் திரையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். என் செருப்பை நகர்த்திவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"போன வருஷம் மொதப் பாதி பாத்தேன். இந்த வருஷம் ரெண்டாம் பாதி. கூட்டிப் பாரு, முழுசா ஒரு படம் ஆச்சா?"

"தப்பு எம்மேலதான்டி" என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. இட்லி ஆறிப்போவுது, சாப்புடு."

"கடைசி பஸ்ஸு?"

"எந்த பஸ்ஸு? இன்னிக்கு ஒன் வீட்லதான் படுக்கப் போறேன். அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

கொத்சில் காரம் ஜாஸ்தி. கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. எங்கள் பக்கம் எல்லாம் திருப்பிப் போட்ட எழுத்து, ஒன்றையும் வாசிக்க முடியாது. கூட்டம் எழுந்துவிட்டது. நர்ஸ் பெட்ஷீட்டின் ஒரு முனையை மடித்தாள். சிதம்பரத்துக்காரி மட்டும் அசையவில்லை.

"முடிஞ்சிடுச்சுடி, வா" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு, இன்னும் ஓடுதில்ல" என்றாள்.

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.