வெறும் பொட்டைச் சுற்றி ஒரு வட்டம்

இன்று தீபாவளி. நான் லேப்பில்!

செமஸ்டர் லீவு. ஹொஸ்டல் முழுக்கக் காலி. என் அறைக் கதவை நானே வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன் (யாரும் திறக்கவில்லை).

எனக்குக் கெம்பஸ் கடைசி வருஷம். கராம்பு எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் கிருமியைக் கொல்லுமா என்பதுதான் ப்ரொஜெக்ட். லீவு முடிந்த அன்றே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

கிருமி வளரும் தட்டில், எண்ணெயில் நனைத்த கடதாசிப் பொட்டுகளை வைப்போம். மறுநாள் பொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் விழுந்தால் எண்ணெய் வேலை செய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் படாத வெறும் பொட்டும் ஒன்று இருக்கும்.

நேற்றுக் காலை ரிசல்ட் எழுதிவிட்டு, மத்தியான பஸ்ஸில் யட்டியாந்தோட்டைக்கு, வீட்டுக்குப் போவதாகத் திட்டம். பேக்கைக் கட்டி லேப் வாசலிலேயே வைத்திருந்தேன்!

கராம்புக்குப் பெரிய வட்டம். கறுவாவுக்கு அதைவிடப் பெரிசு. துள்ளிக் குதித்தேன்.

லேப்பைப் பார்த்துக்கொள்ளும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு 'நானா', எட்டிப் பார்த்தார் (எம்பிலிப்பிட்டியக்காரர். இங்கே என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள்).

"என்ன புள்ள, வெறும் பொட்டுக்கும் வட்டம் விழுந்திருக்கே?"

"ஐயோ நானா! அதுல நான் ஒன்னுமே ஊத்தலங்க!"

பொட்டு டப்பாவை எடுத்து மோந்து பார்த்தார்.

"பெங்கிரி எண்ண வாசமில்லயா அடிக்குது!"

என் கையை மோந்து பார்த்தேன். அதே வாசம்!

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். மழை நாளில் அட்டை ஏறாமலிருக்க, பெங்கிரிப் புல் எண்ணெயைக் காலில் தேய்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் வெளியே இறங்க மாட்டோம். லேப்புக்கு வரும் பாதையிலும் அட்டை. நானும் தேய்த்தேன். அதே கையோடு வந்து பொட்டு வெட்டினேன்!

எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். இன்னும் ஒரு முழு நாள்.

சோப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். புதுப் பொட்டு, புதுத் தட்டு. பஸ் போய்விட்டது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"பஸ் ஏறிட்டியா?"

"இல்லம்மா. வேல முடியல. தீபாவளிக்கு வர ஏலாது."



"சரி. காலுக்கு எண்ண தேய்க்கிறியா?"

"தேய்க்கிறேன்மா. ரொம்ப நல்லா வேல செய்யுது."

"அப்ப ஏன்டி அழுவுற?"

போனை வைத்துவிட்டேன்.

இன்று காலை தட்டைப் பார்த்தேன். வெறும் பொட்டை ஒட்டி, துளி இடைவெளி இல்லாமல் கிருமி. ரிசல்ட் சரி! (அதைச் சுற்றியாவது கூட்டம் இருக்கிறது.)

நானாவும் லீவில் போய்விட்டார். அதனால் உங்களிடம்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இன்று என்ன பலகாரம்? ஒன்று விடாமல் எழுதுங்கள். எவ்வளவு நீளமானாலும் வாசிப்பேன்.