தாம்பூலத் தட்டில் வந்த செக்

மாட்டுங்காவில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படிகள். முழங்கால் போன பிறகு என் மனைவி பதினெட்டாவது படியில் ஒரு முறை, முப்பத்தாறாவது படியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்துதான் மேலே வருவாள். திலக் நகரில் தரைத்தளத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அதில் என் தங்கை மகன் இருந்தான்.

கல்யாணில் அவன் வாங்கிய ஃப்ளாட் கட்டி முடியும்வரை, மூன்று மாதம் என்று சொல்லி வந்தவன். ஒன்பது வருடமாயிற்று. அந்த ஃப்ளாட்டை முடித்து வாடகைக்கும் விட்டுவிட்டான். நான் அவனிடம் வாடகை கேட்டதே இல்லை. காலி செய்யும்படி வாய்வார்த்தையாகப் பதினோரு முறை சொன்னேன், டைரியில் குறித்திருக்கிறேன். பன்னிரண்டாவது முறை வக்கீல் நோட்டீஸ் போயிற்று. முப்பது நாள் கெடு.

நோட்டீஸ் அனுப்பிய மாஹிம் வக்கீல் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவனிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வாங்கினால் வாடகைதாரன் என்று கோர்ட்டில் நிற்பான், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்.

இருபத்தாறாவது நாள் சாயங்காலம் அவனும் மனைவியும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஆறு வாழைப்பழம். இருவரும் நமஸ்காரம் செய்தார்கள்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கோ மாமா," என்றான்.

காலி செய்யப்போகிறான், சொல்லிக்கொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தாம்பூலத்தை வேண்டாமென்று தள்ளிப் பழக்கமில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போன பிறகு, வெற்றிலையை எடுத்த என் மனைவி அடியில் ஒரு கவரைப் பார்த்தாள். உள்ளே என் பெயருக்கு ஒரு செக். கூடவே, இந்த மாத வாடகை என்று இங்கிலீஷில் எழுதிய துண்டுச் சீட்டு.

மறுநாள் தபாலாபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொள்ள மறுக்கிறேன் என்று ஒரு வரி எழுதி, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும், பழத்தை என்ன செய்வது என்று மனைவி கேட்டாள்.

"பழம் வாடகையாகாது. கொண்டா," என்றேன்.

கெடு முடிந்தது, அவன் நகரவில்லை. முப்பத்தோராவது நாள் வழக்குப் போட்டோம். கல்யாணிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"உன் மடியில உக்காத்தி வெச்சுதானே அண்ணா அவனுக்குக் காது குத்தினோம்? அவனையா கோர்ட்டுக்கு இழுக்கறே?"

அன்று அவன் அழுத அழுகையில் என் வேட்டி நனைந்தது. மறக்கவில்லை.

"ஆமா, குத்தினோம். இங்க உன் மன்னி தினம் அம்பத்துநாலு படி ஏறறா. ஒரு நாள் அவகூட வந்து ஏறிப் பாரு," என்றேன்.

அவள் வரவில்லை. வழக்கு பதினான்கு வாய்தா நடந்தது, பதினான்குக்கும் போனேன். வாடகை கொடுத்ததற்கு அவனிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தச் செக்தான். அதைத் திருப்பி அனுப்பியதற்கான தபால் ரசீது என்னிடம் இருந்தது. வீடு எங்களுக்கு என்று தீர்ப்பானது. அவன் காலி செய்தான்.

திலக் நகர் வீட்டு வாசலில் இரண்டு படிகள். அவற்றையும் சிமென்ட் போட்டுச் சரிவாக்கச் சொல்லியிருக்கிறேன். கொத்தனார் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று முறை சொல்லிவிட்டார். காலையில் நானே போய்க் கையோடு அழைத்து வரப்போகிறேன்.