மூச்சைப் பிடித்துக் குடித்தவன்

பூவம் மாநில எல்லையில் உள்ள ஒரு மதுக்கடையில் இருபது வருடமாக விற்பனையாளன் நான். விலை மலிவென்று பக்கத்து மாநிலத்திலிருந்து வந்து, எல்லை தாண்டி ஊர் திரும்பும் அவசரத்தில், நின்றபடியே மூச்சைப் பிடித்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஊறுகாயை நக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். நானும் அப்படித்தான் குடிப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், கப்பலில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி விழிதியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். ரை என்ற தானியத்தில் வடித்த விஸ்கியைத் திறந்து கொஞ்சம் ஊற்றினான். வழக்கம்போல் மூச்சைப் பிடித்து விழுங்கினேன். தொண்டை பற்றி எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்னடா இது, ஆசிட்டா?"

"பீப்பாயிலேருந்து தண்ணி கலக்காம அப்படியே அடைச்சது அத்தான். இருங்க." மறுபடி ஊற்றி, கரண்டியால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டான். "மொதல்ல மோந்து பாருங்க."

முகர்ந்தேன். மிளகு, கிராம்பு, அதற்கும் அடியில் நெல் அவிக்கும் வாசனை. இருபது வருடமாக விற்கும் சரக்கை நான் ஒருநாள்கூட முகர்ந்ததில்லை.

ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்திருக்கச் சொன்னான். என்னால் முடியவில்லை. கால் ஆடியது. வாசலைப் பார்த்தேன், செல்போனைப் பார்த்தேன். கை சும்மா இருக்காமல் தட்டிலிருந்த வறுத்த மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தது.

மனைவி வந்து, "மீன் எப்படிங்க இருக்கு?" என்றாள்.

தட்டில் முள் மட்டும் கிடந்தது. என்ன மீன் என்றே எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. அவள் சமையலையும் இத்தனை வருடமாக மூச்சைப் பிடித்துத்தான் விழுங்கியிருக்கிறேன்.